ஆர்சி ஸ்னப்பர் மாட்யூல்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்தபின்

சுவிட்ச் பிரியும்போது எழும் வோல்டேஜ் ஸ்பைக்கை அடக்கும் சமாச்சாரம் இது: இரண்டு வயர் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கறுப்பு டப்பா. உள்ளே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக இருக்கின்றன, அவ்வளவுதான். எட்டு மாதமாக ஆறு கண்ட்ரோல் பேனல்களில் போட்டு ஓட்டுகிறேன்.

இதை வாங்க வைத்தது ஒரு தொல்லை. 230 வோல்ட் காண்டாக்டர் (காயில் இழுத்து ஆன் செய்யும் பெரிய சுவிட்ச்) ஒன்றைச் சின்ன ரிலே போர்டு வழியாக இயக்கிக்கொண்டிருந்தேன். ஆன் ஆகும்போது எந்தக் கோளாறும் இல்லை. ஆஃப் ஆகும் நொடியில் மட்டும் பக்கத்திலிருந்த மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகும், அதுவும் பத்துக்கு மூன்று தடவை. பவர் சப்ளையை மாற்றினேன், கிரவுண்டைப் பிரித்தேன், புரோகிராமில் மூன்று நாள் தேடினேன். கடைசியில் ரிலேயின் மூடியைக் கழற்றி, விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பாயிண்ட், அதாவது சேர்ந்து பிரியும் உலோக முனை, பிரியும்போதெல்லாம் நீலமாகப் பளிச்சென்று ஒரு பொறி. பாயிண்டின் முகம் அதற்குள் கருத்துக் குழி விழுந்திருந்தது.

காண்டாக்டரின் காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்காது. வழியை அடைத்தால் வோல்டேஜை ஏற்றிக்கொண்டு, பிரியும் பாயிண்டின் இடைவெளியையே தாண்டும். ஸ்னப்பர் அதற்கு வேறு வழி கொடுக்கிறது. கெப்பாசிட்டர் கரண்டை வாங்கி வோல்டேஜ் ஏறும் வேகத்தைக் குறைக்கும். ரெசிஸ்டர் அந்த ஆற்றலைச் சூடாக்கித் தீர்க்கும். ரெசிஸ்டர் இல்லாமல் வெறும் கெப்பாசிட்டரைப் பாயிண்டின் குறுக்கே போட்டுவிடாதீர்கள். அதில் தேங்கியதெல்லாம் பாயிண்ட் சேரும்போது ஒரே பாய்ச்சலில் இறங்கும், பாயிண்ட் ஒட்டிக்கொள்ளும்.

வோல்டேஜை நூறில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுக்கும் 100எக்ஸ் புரோப் வைத்து ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன். மாட்யூல் இல்லாதபோது சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாக ஸ்பைக், சில 1,000 வோல்ட்டைத் தாண்டின. மாட்யூலைப் போட்டதும் பற்கள் மறைந்து, 600 வோல்ட் அளவில் ஒரு வட்டமான மேடு மட்டும் நின்றது. ரீசெட் அன்றோடு நின்றது. அந்த 600-ஐயும் குறைக்க வேண்டுமானால் கூடவே ஒரு வேரிஸ்டர், அதாவது வோல்டேஜ் ஓர் அளவைத் தாண்டினால் மட்டும் கரண்டை விடும் பாகம், தேவை. வேரிஸ்டர் உச்சியைத்தான் வெட்டும், ஏறும் வேகத்தைக் குறைக்காது. அதனால் ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிட முடியாது.

கூட வந்த தாளில் பாயிண்டின் குறுக்கே இணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. 50 ஹெர்ட்ஸில் 0.1 மைக்ரோஃபாரட் வழியாக, பாயிண்ட் பிரிந்திருக்கும்போதும் சுமார் 7 மில்லி ஆம்பியர் கசியும். ஒரு பேனலில் சின்ன சோலனாய்டு வால்வு, அதன் தலையில் எல்இடி. ஆஃப் செய்த பிறகும் அந்த எல்இடி மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கைவைப்பவருக்கு இது ஆபத்து. மாட்யூலைக் கழற்றி வால்வின் காயிலுக்குக் குறுக்கே, காயிலுக்கு ஒட்டியே போட்டேன். எல்இடி அணைந்தது, ஸ்பைக்கும் அடங்கியது. வயரையும் ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருக்கிறார்கள். வயரின் நீளமும் ஒரு இண்டக்டன்ஸ்தான், காயிலைப் போலவே கரண்ட் சட்டென்று மாறுவதைத் தடுக்கும், அதனால் நான் இரண்டு விரல்கடைக்கு வெட்டிவிடுகிறேன்.

ஒன்றை அறுத்துப் பார்த்தேன். கெப்பாசிட்டர் எக்ஸ்2 வகை, லைனின் குறுக்கே நிரந்தரமாக இருப்பதற்கென்றே சோதிக்கப்படுவது. அந்த விஷயத்தில் நேர்மையாகச் செய்திருக்கிறார்கள். ரெசிஸ்டர்தான் ஏமாற்றம், சாதாரண அரை வாட் கார்பன் ஃபிலிம். சைன் அலையின் உச்சியில் பாயிண்ட் சேர்ந்தால் 325 வோல்ட், அதாவது 100 ஓமில் 3.25 ஆம்பியர். சில மைக்ரோ வினாடிதான் என்றாலும் அந்த நேரத்தில் 1,000 வாட்டுக்கு மேல். நாலு வினாடிக்கு ஒரு தடவை அடிக்கும் பேனலில் ஐந்தாம் மாதம் ஒரு மாட்யூல் போய்விட்டது. ரெசிஸ்டர் ஓபன், அதாவது உள்ளே அறுந்திருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை, பழைய ரீசெட் திரும்பி வந்ததால்தான் தெரிந்தது. அங்கே பல்ஸ் தாங்கும் 2 வாட் ரெசிஸ்டர் வைத்து நானே கட்டிவிட்டேன்.

டிரையாக் (ஏசிக்கான எலக்ட்ரானிக் சுவிட்ச்) போர்டுக்கும் இதே மாட்யூல் ஒத்துவந்தது, மோட்டார் தானாக ஒரு கணம் உதறிக்கொண்டிருந்தது அடங்கியது. டிசி காயிலுக்கு இது வேண்டாம். 1என்4007 டயோடு ஒன்றைக் காயிலின் குறுக்கே தலைகீழாகப் போட்டால் போதும், ரிலே விடுவது சற்றுத் தாமதமாகும். வினாடிக்குப் பல ஆயிரம் தடவை ஆன், ஆஃப் ஆகும் மாஸ்ஃபெட் (டிரான்சிஸ்டர் வகை) சர்க்யூட்டில் இதைப் போடவே கூடாது. 400 வோல்ட், 100 கிலோஹெர்ட்ஸில் 1 நானோஃபாரட் போட்டாலே 16 வாட் சூடாகும், இதில் இருப்பது அதைவிட நூறு மடங்கு.

மணிக்குப் பத்திருபது தடவை ஆன், ஆஃப் ஆகும் காண்டாக்டருக்கும் வால்வுக்கும் தாராளமாக வாங்கலாம். அடுத்த பேனலுக்கு நான் நாலு வாங்கி வைத்திருக்கிறேன், வயரை வெட்டியாகிவிட்டது.