குளோரின் டைஆக்சைடு சொட்டுகள்: பதினோரு மாதப் பத்தியத்தின் கணக்கு

நண்பர் ஒருவர், தாமும் குளோரின் டைஆக்சைடு சொட்டுகளைத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி, வைட்டமின் சி மாத்திரைக்கும் அதற்கும் இடையில் எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்று சென்ற வாரம் கேட்டார். மூட்டுவலிக்காகப் பதினோரு மாதம் அதைக் குடித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வெளுக்கவும் கிருமி நீக்கவும் பயன்படும் ஒரு வேதிப்பொருள் அது; நோய்களைத் தீர்க்கும் என்று சொல்லிக் குடிக்க விற்கிறார்கள். கலக்கும் முறையை நான் எழுதப்போவதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினோரு மாதமும் நான் குளிர்பானத்தைத் தொடவில்லை. என்ன சாப்பிட்டேன், எப்போது வலித்தது என்று தினமும் நோட்டில் எழுதும் பழக்கம் வந்தது. அது இன்றும் தொடர்கிறது. எனக்கு இதை அறிமுகப்படுத்தியவர் நள்ளிரவில் அழைத்தாலும் பொறுமையாகப் பேசுவார். எந்த மருத்துவரும் என் வலியைப் பற்றி அவ்வளவு நேரம் கேட்டதில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை, அவரும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

என்னை அரித்தது அந்தப் பத்தியம். இந்தச் சொட்டு ஓர் ஆக்சிஜனேற்றி என்பதால், அந்த வேலையைத் தடுக்கும் வைட்டமின் சி போன்ற ஆன்டிஆக்சிடன்ட் உள்ள எதைச் சாப்பிட்டாலும் அது செயலிழந்துவிடும் என்பது விதி. வேதியியலாகப் பார்த்தால் இது முழுப் பொய்யும் அல்ல. குடிநீரில் மிஞ்சிய குளோரினை நீக்க வைட்டமின் சி பயன்படுவது உண்மைதான். அந்த ஒரு துளி உண்மையை நம்பித்தான் மற்றதையெல்லாம் விழுங்கினேன். ஆரஞ்சும் எலுமிச்சையும் முதலில் போயின, பிறகு தேநீர், காபி, சாக்லேட், அப்புறம் ஆப்பிள், கீரை என்று பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. வலி குறையாத ஒவ்வொரு நாளும், "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்ற அதே கேள்விதான் அவரிடமிருந்து வரும். ஒரு நாள் அரைக் கோப்பைத் தேநீர் அகப்பட்டது, இன்னொரு நாள் இரண்டு துண்டு ஆப்பிள். வலி குறைந்த நாட்களின் புகழ் சொட்டுக்குப் போனது. வாந்தி வந்த நாட்களில், உடலின் நஞ்சு வெளியேறுகிறது என்றார். நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது, பதினோரு மாதத்தில் மருந்தின் மேல் தவறு என்று ஒரு நாள்கூட எழுதப்படவில்லை; பத்தியம் முறித்த குற்றவாளியாக நானே பக்கத்துக்குப் பக்கம் இருந்தேன்.

எட்டாவது மாதம் பல் துலக்கும்போது நுரை இளஞ்சிவப்பாக வந்தது. பழம் சாப்பிடுவதுண்டா என்று பல் மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். காரணம் அதுதான் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் பழத்தையும் காய்களையும் மறுபடி சேர்த்த சில வாரங்களில் இரத்தம் வருவது நின்றது. அப்போதும் நான் விட்டது பத்தியத்தை மட்டும்தான், சொட்டை அல்ல. என் புத்தி அப்படி.

சொட்டை விட வைத்தது, சொட்டுக்குழாயின் ரப்பர். அது இரண்டாம் முறையாக இறுகி, வெடிப்பு விட்டு, கையில் உதிர்ந்தது. சிந்திய துளி விழுந்த இடத்தில் என் கருநீலத் துண்டு வெளுத்துப்போயிருந்தது. காகிதக் கூழை வெளுக்க ஆலைகளில் பயன்படும் பொருள் என்பதால் அதில் வியப்பில்லை. ஒரு கோப்பை ஆரஞ்சுச் சாறே இதை அடக்கிவிடும் என்றால், உடலே உண்டாக்கும் ஆன்டிஆக்சிடன்ட்களான, என் இரத்தத்தில் இருக்கும் யூரிக் அமிலமும், செல்களில் நிறைந்திருக்கும் குளுட்டாதயோனும் என்ன செய்துகொண்டிருக்கும் என்ற கேள்வி அன்றுதான் எழுந்தது. அவை எந்தப் பத்தியத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல. அவற்றையும் மீறும் அளவுக்குக் குடித்தால் கிருமிக்கும் முன்பாக அடிபடுவது நம் சிவப்பணுக்கள்தான்: ஹீமோகுளோபினின் இரும்பு மாறி மெத்ஹீமோகுளோபின் ஆகும், அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்களே உடையும். அவர்களுக்கு மெத்ஹீமோகுளோபின் கூடிவிட்டால், அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மெத்திலீன் நீலம் என்ற மருந்தைத் தவிர்த்து மருத்துவர்கள் கையில் எடுப்பவற்றில் ஒன்று வைட்டமின் சி, அதாவது எனக்கு எதிரியென்று காட்டப்பட்ட அதே பொருள்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010இலும் 2019இலும் இதைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. அந்நாட்டுக் குடிநீரில் குளோரின் டைஆக்சைடுக்கான உச்ச வரம்பு லிட்டருக்கு 0.8 மில்லிகிராம்.

இதைப் படித்துவிட்டு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை டப்பாக்களை யாரும் அள்ள வேண்டாம். பின்லாந்தில் புகைப்பிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. என் அலமாரியில் ஒரு காலத்தில் சொட்டுக் குப்பியும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை டப்பாவும் அருகருகே இருந்தன என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இவ்வளவு நல்லதையும் சொன்ன பிறகு என் மதிப்பீடு: அந்தக் குப்பி இருக்கும் வீட்டில் நான் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டேன். நண்பரே, நீங்கள் கேட்ட இடைவெளிக்கு விடை கிடையாது. சொட்டை இன்றே நிறுத்துங்கள், ஆரஞ்சை எந்த மணியிலும் சாப்பிடுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். குப்பியையும் கையோடு எடுத்துச் சென்று, என்ன குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.