எரிந்த குடிசைகளை அகற்றுவது: உடனே ஜேசிபியா, பிரித்து எடுத்த பிறகா?

வடசென்னையில் எங்கள் தெருவுக்குப் பின்னால், பக்கிங்காம் கால்வாயை ஒட்டியிருந்த குடிசைகள் ஒரு கோடை மதியத்தில் எரிந்து போயின. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. எல்லோரையும் சமுதாயக் கூடத்தில் தங்க வைத்தார்கள். மறுநாள் காலையிலேயே ஒரு கேள்வி வந்துவிட்டது. ஜேசிபியும் டிப்பரும் வந்து மொத்தத்தையும் ஒரே மூச்சில் வாரிக்கொண்டு போகலாமா? அல்லது வீடு வீடாகக் கயிறு கட்டிப் பிரித்து, அந்தந்தக் குடும்பம் தேடி முடித்து, வருவாய்த்துறை கணக்கெடுத்த பிறகு அள்ளலாமா? தெருச் சங்கத்தில் இருப்பவர்களும் குடிசைக்காரர்களும் உட்கார்ந்து பேசி இரண்டாவது வழிக்குப் போனோம். அதில் நானும் ஒருவன். இன்று கேட்டாலும் அந்தப் பக்கம்தான் நிற்பேன்.

ஜேசிபி வழியின் நன்மைகளுக்கு விளக்கம் தேவையில்லை. சீக்கிரம் முடியும், சாம்பல் நாள் கணக்கில் பறந்துகொண்டிருக்காது, பிள்ளைகள் காலில் ஆணியும் தகரமும் ஏறாது. ஆட்கூலியும் மிச்சம்.

ஆனால் அள்ளிய பிறகு எஞ்சுவது வெறும் தரை. யார் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு அதில் எந்த அடையாளமும் இருக்காது. ரேஷன் கார்டும் ஆதாரும் எரிந்துபோன இடத்தில், அடுப்பு மேடையும் பீரோவின் எலும்புக்கூடும் பாதிச் சுவரும்தான் அத்தாட்சி. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் தீ விபத்தும் சேர்த்தி. 2022-26 விதிமுறைப்படி அழிந்த குடிசைக்கு 8,000 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால்தான் பின்னால் வரும் எதற்கும் பிடி கிடைக்கும். தரை காலியான பிறகு எழுதும் பட்டியலில் முதலில் விடுபடுபவர்கள் வாடகைக்கு இருந்தவர்கள், அண்ணன் குடிசையில் ஒரு தடுப்பு போட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட கைம்பெண், கல்யாணமாகிப் பின்பக்கம் ஒதுங்கிய மகன். எங்கள் இடத்தில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு இருந்ததை வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) நேரில் பார்த்ததால்தான் இரண்டு குடும்பமாக எழுதினார். மேடை இல்லாமல் வாயால் சொல்லியிருந்தால் எழுதியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஒவ்வொரு குடும்பத்தையும் அவர்கள் இடத்தில் நிற்க வைத்து, பெயர் எழுதிய அட்டையோடு படம் எடுத்து வைத்தோம்.

இதோடு ஒரு பயமும் இருந்தது. சுத்தமாக்கி வேலி போட்ட இடத்துக்குத் திரும்பி வர விடுவார்களா, இல்லை நகரின் தென்கோடியில் இருக்கும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு அனுப்பிவிடுவார்களா? வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் போகிற பெண்களுக்கு அந்தத் தூரம் பிழைப்பையே குலைத்துவிடும். அவரவர் இடத்தில் கயிறு கட்டியிருந்தது அவர்களுக்குத் தெம்பாக இருந்தது.

கேஸ் சிலிண்டர் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முறையாக இணைப்பு வாங்கியவர்களுக்கு எண்ணெய் நிறுவனங்களின் விபத்துக் காப்பீடு உண்டு. சிலிண்டரால் வந்த தீ என்றால் உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்கள் வந்து பார்க்கும்வரை சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் மூன்றும் அங்கேயே இருப்பது நல்லது. டிப்பரில் ஏறிவிட்டால் எதைக் காட்டுவது?

கருகிய பணத்தையும் தூக்கிப் போடக் கூடாது. மோசமாக எரிந்த நோட்டுகளைச் சாதாரண வங்கிக் கிளைகள் வாங்காது. ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். தொட்டால் உதிரும் என்பதால் டப்பாவோடு அப்படியே எடுத்து வைக்கச் சொன்னோம். உருகிய தோடு, அண்டா, குத்துவிளக்கு என்று கிடைத்ததெல்லாம் குடும்பத்துக்கே போயிற்று. எஞ்சிய இரும்பைக் காயலான் கடையில் போட்ட காசும் அவர்களுக்கே. மொத்தமாக வாரினால் அது லாரிக்காரருக்குப் போயிருக்கும்.

காட்டுத்தீக்குப் பழகிய கலிஃபோர்னியாவிலும் எடுத்த எடுப்பில் இயந்திரத்தை இறக்குவதில்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஈட்டன் தீயில் மட்டும் 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இடிபாட்டை அரசின் மூலம் ராணுவப் பொறியாளர்கள் அகற்றலாம், அல்லது சொந்தச் செலவில் ஒப்பந்தக்காரரை வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர்களுக்கு இரண்டு வழி கொடுத்தார்கள். எதை எடுத்தாலும் முதல் கட்டம் கட்டாயம்: பேட்டரி, பெயின்ட், பூச்சிமருந்து, எரிவாயு உருளை போன்ற ஆபத்தான பொருட்களைத் தனியாக எடுத்த பிறகே மற்றது. நம் ஊருக்கும் அந்த வரிசை பொருந்தும்.

நான் சாய்கிற வழிக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தீயில் அது படபடவென்று வெடித்துச் சிதறும். அந்தத் துகளின் இழை நுரையீரலுக்குள் போனால் பல வருடங்கள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். கையால் கிளறுகிறவர்கள் அதை நேராகச் சுவாசிக்கிறார்கள். நாங்கள் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் எடுத்து, தடிமனான பாலிதீனில் சுற்றி வைத்தோம். என்-95 மாஸ்க் போட்டவர்களை மட்டுமே உள்ளே விட்டோம். துணியோ சாதாரண மாஸ்க்கோ இதற்குப் போதவே போதாது; ஆஸ்பெஸ்டாஸ் இழைக்கு என்-95கூடப் போதாது என்பதுதான் நிபுணர்கள் சொல்வது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அனுமதியே இல்லை. இத்தனையும் போதுமா என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஜேசிபி வழி மேல் என்று சொல்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன், அவரும் நனைத்துவிட்டுத்தான் அள்ளுகிறார் என்றால். பொறுக்கி வைத்த ஷீட்டைச் சாதாரண இடிபாட்டுக் கழிவோடு (ரப்பீஸ்) கலக்க விடாதீர்கள். அது அபாயக் கழிவு என்று மாநகராட்சியிடம் எழுத்தில் கொடுங்கள்.

குழாய்களையும் பாருங்கள். 2018 தீக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரில் குடிநீர்க் குழாய்களில் பென்சீன் கலந்திருந்தது. வெந்துபோன பிவிசி பைப்பை மாற்றும்வரை லாரித் தண்ணீரே குடிக்க நல்லது.

இன்னொன்று, எங்களுடையது கோடைக்காலத் தீ. ஐப்பசி மழை தலைக்கு மேல் நிற்கும்போது இப்படி நிதானமாகப் பிரித்துக்கொண்டிருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. ஒரு நல்ல மழையில் சாம்பல் முழுவதும் கால்வாயில் இறங்கிவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் முதல் நாளே கயிறு கட்டி, படம் எடுத்து, ஆர்.ஐ.யை வரவழைத்துப் பட்டியலில் குடும்பத்தாரின் கையெழுத்தையும் வாங்கிவிட்டு, அன்று சாயங்காலமே ஜேசிபியைக் கூப்பிடுவேன்.