இ.எஸ்.ஐ. லீவுப் பணம்: எட்டு வருடத்தில் இரண்டு முறை வாங்கிய அனுபவம்

2016இல் கோவையில் ஒரு மோட்டார் உதிரிபாகப் பட்டறையில் பவர் பிரஸ் (தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் இயந்திரம்) ஓட்டச் சேர்ந்தேன். சம்பளம் 11,000. அதில் மாதாமாதம் 193 ரூபாய் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று பிடித்தார்கள். காய்ச்சல் தலைவலிக்கு டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்குவதற்கான பணம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பட்டறையில் பாதிப் பேர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டால் அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிற காப்பீடும் அதற்குள்ளேயே இருக்கிறது. அது எனக்கு விரல் போன பிறகுதான் தெரிந்தது.

2022 ஆகஸ்ட், மதிய ஷிப்ட். ஸ்டாம்பிங் தகடு அச்சில் சற்றுக் கோணலாக உட்கார்ந்தது. இடது கையால் நேராகத் தள்ளினேன், வலது கால் அதற்குள் பெடலை மிதித்துவிட்டது. வலி உடனே தெரியவில்லை. கையுறையின் ஆள்காட்டி விரல் மட்டும் தட்டையாக இருந்தது, அதைப் பார்த்த பிறகுதான் கத்தினேன். மேல்கணு போய்விட்டது.

பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போகும் வழியிலேயே சூப்பர்வைசர் பேச ஆரம்பித்தார். "கேட்டா, வீட்ல கதவுல நசுங்கிருச்சுன்னு சொல்லிருங்க. ஆஸ்பத்திரிச் செலவு பூரா நாங்க பாத்துக்கறோம்." அந்த நேரத்தில் அது எனக்கு நல்ல வார்த்தையாகத்தான் பட்டது. கூட வந்த மூத்த பிட்டர் அண்ணன் ஒருவர் மட்டும், சூப்பர்வைசர் போன் பேச இறங்கிய சமயம் பார்த்துக் காதருகே சொன்னார்: "தம்பி, அப்படிச் சொல்லிராதே. பன்னண்டாம் நம்பர் பாரம் போடச் சொல்லு. அது போகாம நீ விடாதே."

அந்த அண்ணன் சொன்ன ஒரு வரிதான் எனக்கு இன்றுவரை மாதாமாதம் சோறு போடுகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலைக்குப் போகாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ. கொடுக்கும் பணம் இரண்டு வகை. சாதாரண நோய், வீட்டில் பட்ட அடி என்றால் அது நோய்க்கால உதவி: தினசரிச் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. அடுத்தடுத்த இரண்டு பயன் காலங்களில், அதாவது ஒரு வருடக் கணக்கில், அதிகபட்சம் 91 நாள். வேலையில் பட்ட காயம் என்றால் அது தற்காலிக ஊன உதவி: 90 சதவீதம். விபத்து நடந்த நாளைத் தவிர்த்து மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருந்தால் முதல் நாளிலிருந்தே உண்டு, கை சரியாகும் வரை எத்தனை நாளானாலும் உண்டு. இதற்கு முன்பு இத்தனை நாள் சந்தா (சம்பளத்தில் பிடிக்கும் இ.எஸ்.ஐ. பணம்) கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. காலையில் வேலைக்குச் சேர்ந்து மதியம் அடிபட்டாலும் கிடைக்கும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கிற விபத்தையும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், 2010இலிருந்து வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வண்டியில் வருபவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நான் 'கதவில் நசுங்கியது' என்று சொல்லியிருந்தால் 90 சதவீதம் 70 ஆகியிருக்கும், இரண்டு நாள் கழிந்திருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று, அதற்குப் பிறகு வருகிறேன்.

மறுநாள் மனைவியும் அந்த பிட்டர் அண்ணனும் பட்டறை ஆபீஸில் போய் நின்றார்கள். விரல் போனது போன்ற பெரிய காயம் என்றால் முதலாளி உடனடியாக விபத்து அறிக்கை (அண்ணன் சொன்ன பன்னிரண்டாம் நம்பர் பாரம்) அனுப்ப வேண்டும் என்பது சட்டம். எங்கள் பட்டறையில் ஒன்பது நாள் இழுத்தார்கள். விபத்துப் பதிவேட்டிலும் என் பெயர் அதன் பிறகுதான் ஏறியது. அப்புறம் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு மாறினேன். கட்டு மாற்றுவது, மருந்து, பிசியோதெரபி எதற்கும் கைக்காசு போகவில்லை.

பணம் வரும் வழி இது. டாக்டர் வேலைக்குத் தகுதியில்லை என்று முதல் சான்று கொடுப்பார். அதன் பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் போய் இடைச்சான்று வாங்க வேண்டும். கை தேறியதும் கடைசிச் சான்று, நாங்கள் பிட் சர்டிபிகேட் என்போம். ஒவ்வொன்றையும் ஒன்பதாம் நம்பர் பாரத்தோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் கம்பெனியிடம் இந்த ஆள் அந்த நாட்களில் வேலைக்கு வரவில்லை, சம்பளம் வாங்கவில்லை என்று உறுதி கேட்டுவிட்டு வங்கிக் கணக்கில் போடுவார்கள். ஒரே நாளுக்கு லீவுச் சம்பளமும் இந்தப் பணமும் சேர்த்து வாங்க முடியாது.

எனக்கு அப்போது சம்பளம் 18,000. மாதத்துக்கு 30 நாள் என்று கம்பெனி இ.எஸ்.ஐ.க்குக் கணக்குக் காட்டியிருந்ததால் சராசரி ஒரு நாளைக்கு 600 ரூபாய். அதில் 90 சதவீதம் 540. 58 நாள் வீட்டில் இருந்தேன், ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத்தான் கணக்கு. மொத்தம் 31,320 ரூபாய். அறிக்கை தாமதமானதால் முதல் தவணை வரவே ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. அந்த ஐந்து வாரம் வாடகையும் சீட்டுப் பணமும் கொடுக்க மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. இந்தப் பணம் கட்டாயம் வரும், ஆனால் முதல் மாதத்தில் வரும் என்று நம்பியிருக்கக் கூடாது. கையில் ஒரு மாதச் செலவு இருந்தால்தான் தாங்கும்.

இப்போது அந்தப் பெரிய இழப்பு. கடைசிச் சான்று வாங்கி வேலைக்குத் திரும்பிய பிறகு என்னை மருத்துவக் குழு முன்னால் நிறுத்தினார்கள். சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு கணுவுக்கும் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறையும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9. எனக்கு 9. அந்த 540 ரூபாயில் 9 சதவீதம், ஒரு நாளைக்கு 48 ரூபாய் 60 காசு. 30 நாள் மாதத்துக்கு 1,458 ரூபாய். முழுச் சம்பளத்தில் வேலை பார்த்தாலும் இது வரும், வேலையை விட்டாலும் வரும், உயிரோடு இருக்கும் வரை வரும். கதவு என்று சொல்லியிருந்தால் இதில் ஒரு காசு கிடையாது. சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஆஸ்பத்திரிச் செலவு எத்தனை ஆயிரம் இருந்திருக்கும்? அதற்குப் பதிலாக நான் விட்டுக்கொடுக்க இருந்தது வாழ்நாள் பணம். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டாவது முறை 2024 மார்ச். மஞ்சள் காமாலை. கண், நகம் எல்லாம் மஞ்சள், எழுந்து நின்றால் தலை சுற்றியது. முதல் அனுபவம் இருந்ததால் எல்லாம் தெரியும் என்ற தைரியத்தில் இருந்தேன். ஆனால் நோய்க்கால உதவியின் கணக்கு வேறு மாதிரி.

அதற்குச் சந்தாக் கணக்கு உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஏப்ரல்-செப்டம்பரில் கட்டியதற்கான பயன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர்-மார்ச்சில் கட்டியதற்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்தச் சந்தா காலத்தில் குறைந்தது 78 நாளுக்காவது சந்தா போயிருக்க வேண்டும். நான் மார்ச்சில் படுத்ததால் பார்த்தது 2023 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்கை. வேலை மாறி மாறி ஓடுபவர்களுக்கு இங்கேதான் அடி விழும். இரண்டு பட்டறைக்கு நடுவில் மூன்று நான்கு மாதம் விட்டிருந்தால், அந்த இடைவெளி தெரிவது பல மாதம் கழித்து நோயில் படுக்கும்போதுதான். பழைய இன்சூரன்ஸ் எண்ணையே புதிய இடத்திலும் கொடுக்க வேண்டும். புதிதாக இன்னொரு எண் போட விட்டால் சந்தா இரண்டாகப் பிரிந்து கிடக்கும்.

அந்தக் காலத்தில் என் சம்பளம் 19,500. நாளுக்கு 650, அதில் 70 சதவீதம் 455 ரூபாய். 34 நாள் படுத்திருந்தேன். முதல் இரண்டு நாள் போக 32 நாளுக்கு வந்திருக்க வேண்டும், 27 நாளுக்குத்தான் வந்தது. தவறு என்னுடையது. நடுவில் அம்மா கூப்பிட்டார் என்று பொள்ளாச்சிப் பக்கம் ஊருக்குப் போய்விட்டேன். காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார், அந்த ஐந்து நாளும் உடம்புக்கு இதமாகவே இருந்தது. ஆனால் இடைச்சான்று வாங்க வேண்டிய நாள் அதற்குள் போய்விட்டது. திரும்பி வந்து டிஸ்பென்சரியில் கேட்டபோது, பார்க்காத நாளுக்குப் பின்தேதி போட்டுச் சான்று தர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். அது மட்டுமல்ல, இந்தப் பணம் வாங்கும் காலத்தில் டாக்டர் அனுமதியில்லாமல் அந்தப் பகுதியை விட்டே போகக் கூடாது என்பதும் விதி. கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஐந்து நாள், 2,275 ரூபாய் போனது. இடைவெளி 15 நாளுக்குள் இருந்ததால் மறுபடியும் இரண்டு நாள் கழிக்கவில்லை, அது மட்டும் ஆறுதல். கையில் வந்தது 12,285.

91 நாள் போதாத நோய்களும் இருக்கின்றன. காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வீதத்தில் இரண்டு வருடம் வரை நீட்டிக்கிறார்கள். தொடர்ந்து இரண்டு வருடமாவது வேலையில் இருந்து, போதிய சந்தாவும் போயிருக்க வேண்டும். எங்கள் வைண்டிங் பிரிவில் ஒரு அக்காவுக்குக் காசநோய் வந்தபோது இது கிடைத்தது. வேலை போய்விடும் என்று பயந்து அவர் இருமலை மறைத்துக்கொண்டே மூன்று மாதம் வந்தார். நோய்க்கால உதவி வாங்கும் காலத்தில் முதலாளி வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதை யாராவது ஒருவர் அவருக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

2024 ஜூலையில் என் சம்பளம் 21,500 ஆனது. இ.எஸ்.ஐ. உச்சவரம்பு 21,000. அது 2017 ஜனவரியில் வைத்தது. சந்தா காலத்தின் நடுவில் தாண்டியதால் செப்டம்பர் வரை பிடித்தார்கள், அதற்கான பயன் 2025 ஜூன் வரை இருந்தது. விரலுக்கான மாதப் பணம் மட்டும் தொடர்கிறது. ஐநூறு ரூபாய் கூடியதால் மாதச் சம்பளத்துக்கான பாதுகாப்பு மொத்தமும் போய்விட்டது. விலைவாசி ஏறி, சம்பளமும் அதன் பின்னால் ஏறி, வரம்பு மட்டும் இத்தனை வருடம் அதே இடத்தில் நின்றால் பிரஸ் முன்னால் நிற்கிறவன் வெளியே தள்ளப்படுவான். இதை உயர்த்த வேண்டும் என்று எந்தத் தொழிற்சங்கம் கேட்டாலும் நான் அவர்கள் பக்கம்.

அதன் பிறகு தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்தேன். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. எடுக்கும்போது 'வாராந்திர இழப்பீடு' என்ற பிரிவு இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள், எல்லா பாலிசியிலும் அது வராது. ஆனால் இது விபத்துக்கு மட்டும். மறுபடி காமாலை வந்தால் ஒன்றும் கிடையாது. மெடிக்ளைம் ஆஸ்பத்திரி பில்லைத்தான் கட்டும், வீட்டு வாடகையைக் கட்டாது.

போன வாரம் என் பக்கத்துப் பிரஸ்ஸில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். இ.எஸ்.ஐ. எண் வந்துவிட்டதா என்று கேட்டேன். பத்து இலக்கம் இருக்கும், பார்த்துச் சொல் என்றேன். "இன்னும் போடலைங்கண்ணா, அடுத்த மாசம் பாக்கலாம்னாங்க" என்றான். திங்கட்கிழமை காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போகிறேன்.