உப்புத் தண்ணீர் வீட்டில் வாட்டர் ஃப்ளாசர்: இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வாட்டர் ஃப்ளாசர் என்பது நீரைப் பீய்ச்சிப் பல் இடுக்குகளைச் சுத்தம் செய்யும் கருவி. வாங்கிய முதல் வாரத்தில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். போர்வெல் தண்ணீர் வரும் வீட்டில் ஆறாவது மாதம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் கையில் பிடித்துக்கொள்கிற, சார்ஜ் போடும் 300 மி.லி. டேங்க் வகையைப் பற்றி.

முதலில் மக்கர் செய்வது நாசில், அதாவது தண்ணீர் பாயும் முனை. அதன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு அதில் படிந்துவிட்டால், ஊசி போலப் பாய வேண்டிய நீர் இரண்டாகப் பிரிந்து சிதறும். மோட்டார் போய்விட்டது என்று நினைத்துப் பலர் புதிதாக வாங்குவது இந்தக் கட்டத்தில்தான். நாசிலைக் கழற்றி வெள்ளை வினிகரில் 10 நிமிடம் ஊறவிட்டால் போதும், பழைய வேகம் திரும்பிவிடும். உள்குழாய்க்கு, ஒரு டேங்க் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து பாதியை வாஷ்பேசினில் ஓடவிடுங்கள். 20 நிமிடம் கழித்து மீதியை ஓட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் ஒரு டேங்க் அலசுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றினால் இந்த வேலை பெரும்பாலும் மிச்சம். எப்படியும் வாய்க்குள் போகிற தண்ணீர், குடிக்கிற தண்ணீராகவே இருக்கட்டும்.

அடுத்தது சார்ஜ் துளை. அதன் ரப்பர் மூடி நாளாக ஆகத் தளர்ந்துவிடும். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் உள்ளே பச்சை பூத்துவிடும், அதற்கு மேல் சரி செய்வது கஷ்டம். துடைத்து, குளியலறைக்கு வெளியே வைத்து சார்ஜ் போடுங்கள். டேங்கில் மிச்சத் தண்ணீரை விட்டு வைத்தால் வாஷரைச் சுற்றிக் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். ஈறுக்கு நல்லது என்று கல்லுப்பு கரைத்து ஊற்றினால், முடிந்ததும் கட்டாயம் வெறும் தண்ணீர் ஓட்ட வேண்டும். தங்கும் உப்பு பம்பை அரித்துவிடும்.

பிடிக்கும் விதம்: வாஷ்பேசின் மேல் குனிந்து, உதட்டை லேசாக மூடி, வாய் ஓரமாகத் தண்ணீர் வழிய விடுங்கள். நிமிர்ந்து நின்றால் சட்டைதான் குளிக்கும். நாசில் ஈறு விளிம்புக்குச் செங்குத்தாக இருக்கட்டும். கடைவாயிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இடுக்கிலும் இரண்டு விநாடி நிறுத்துங்கள். குறைந்த வேகத்தில் ஆரம்பிக்க வேண்டும். முதல் சில நாள் லேசாக ரத்தம் கசிந்தால், பெரும்பாலும் ஈறு ஏற்கெனவே வீங்கியிருந்தது என்று அர்த்தம். இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரைப் பாருங்கள்.

முருங்கைக்காய்ச் சக்கை, மட்டன் நார், மாம்பழ நார் எல்லாவற்றையும் கிளப்பிவிடும். கிளிப் போட்டவர்களுக்கும் பிரிட்ஜ் கட்டியவர்களுக்கும் இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் இறுகிய காரையை அசைக்காது, அதற்குப் பல் மருத்துவர் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்தான். பல்லோடு பல் ஒட்டி நிற்கும் இடத்து வழுவழுப்புப் படலமும் நீருக்கு முழுதாகப் போகாது. அங்கே பல் இடுக்கில் விடும் நூலோ (ஃப்ளாஸ்), இடுக்குக்கான சிறு இன்டர்டென்டல் பிரஷ்ஷோ வேண்டும். பிரஷ் செய்வதற்கு முன்பு இதை முடித்தால், பேஸ்ட்டின் ஃபுளோரைடு பல்லில் தங்கும். பின்னால் அடித்தால் கழுவிப் போய்விடும்.

நாசிலை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வீட்டில் ஆளுக்கொன்று வேண்டும். அதனால் வாங்கும் முன் விலையைப் பார்ப்பதோடு, அந்த மாடலுக்கு நாசில் தனியாகக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.