கழற்றியதும் தங்கியதும்: என் காரில் ஏழு வருடமாக மாட்டிப் பார்த்தவை

2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக். கம்பெனிப் பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் அந்த விலைக்கு வந்த பல கார்களில் ஏறக்குறைய இதே ஹெட்லைட்தான்: பக்கத்துக்கு ஒரு எச்4 ஹாலஜன் பல்பு, டிம்முக்கு 55 வாட்ஸ், பிரைட்டுக்கு 60 வாட்ஸ், பின்னால் வெளிச்சத்தை ரோட்டுக்குத் திருப்பிவிடும் ஒரு ரிஃப்ளெக்டர். வீடு நாமக்கல். மாதம் ஒருமுறையாவது கொல்லிமலைக்குப் போகிற வேலை இருக்கிறது. மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். இருட்டிய பிறகு அதில் இறங்கி வந்தவர்களுக்கு நான் ஏன் லைட்டில் காசைக் கொட்டினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் தப்பு 2018-இல். ஆன்லைனில் 3,500 ரூபாய்க்கு ஒரு ஜோடி எல்.இ.டி. பல்பு. பெட்டியில் போட்டிருந்த லூமென் கணக்கை, அதாவது வெளிச்ச அளவை, பார்த்தால் கிரிக்கெட் மைதானத்துக்கே போதும். நானே மாட்டினேன், பத்து நிமிட வேலை. பல்பின் பின்னால் குட்டி ஃபேன் இருந்ததால் ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அன்று ராத்திரி தெரு முழுக்க வெள்ளை வெளேர். ஒரு வாரம் பெருமையாகச் சுற்றினேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. டிம்மில் போனாலும் எதிரே வருகிற பஸ்காரர்கள் பிரைட் அடித்துத் திட்டினார்கள். லைட்டைப் போட்டால் எஃப்.எம்.மில் இரைச்சல். மழையில் நனைந்த தார் ரோட்டில் அந்த வெள்ளை வெளிச்சம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. மூடாத ரப்பர் மூடி வழியாக ஈரம் புகுந்து, லென்ஸுக்குள் ஆவி படிந்து நின்றது.

ஏன் இப்படி என்று பார்க்க, ஒரு ராத்திரி காரை வீட்டுச் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி லைட்டைப் போட்டேன். பழைய ஹாலஜனில் சுவரில் ஒரு தெளிவான கோடு விழுந்தது. கோட்டுக்கு மேலே இருட்டு, கீழே வெளிச்சம். இடது ஓரத்தில் மட்டும் அந்தக் கோடு மேலேறும், ரோட்டோரத்தில் நடக்கிறவர் தெரிவதற்காக. எல்.இ.டி.யில் கோடே இல்லை, சுவர் முழுக்க வெளிச்சம் சிதறிக் கிடந்தது. ஹாலஜன் பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகரக் கிண்ணம் இருக்கும். எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது அதுதான். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துத்தான் கணக்குப் போடப்பட்டது. அந்த இடத்தில் நான் வாங்கிய பல்பின் எல்.இ.டி. சில்லு தடியாக, ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படி உட்கார்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும். புரொஜெக்டரும் (லென்ஸ் வைத்து வெளிச்சத்தைக் குவிக்கும் ஹெட்லைட்) எல்.இ.டி.யும் கம்பெனியிலேயே சேர்த்துச் செய்து வருகிற கார்களின் கதை வேறு.

எட்டு மாதத்தில் இடது பக்க ஃபேன் நின்று, பல்பும் போனது. நல்லதாகப் போயிற்று.

நாமக்கல்லில் இருப்பதில் ஒரு வசதி, லாரி எலக்ட்ரீஷியன்களுக்குப் பஞ்சமில்லை. திருச்சி ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் காரை விட்டு, "அண்ணா, 100 வாட்ஸ் பல்பு போட்டுரலாமுங்களா?" என்று கேட்டேன். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "பல்பு கெடக்கட்டுங்க தம்பி. அதுக்குக் கரண்டு ஒழுங்கா வருதான்னு பார்த்தீங்களா?"

மீட்டரை எடுத்து வைத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். பல்பு சாக்கெட்டில் 12.3. மீதி எங்கே போனது? பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் வரை வந்து, திரும்ப முன்பக்கம் போகிறது. ரெண்டு பல்புக்கும் சேர்த்து 9 ஆம்பியர் அந்த மெல்லிய வயரில். ஹாலஜனில் வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 15 சதவீதத்துக்கு மேல் குறையும். இங்கே குறைந்தது 12 சதவீதத்துக்கும் மேலே. 100 வாட்ஸ் போட்டிருந்தால் சாக்கெட் உருகியிருக்கும் என்றார், உருகிய சாக்கெட் ஒன்றையும் டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார்.

அவர் போட்டது ரிலே வயரிங். ரிலே என்பது சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் நேராகப் பல்புக்கு. பழைய வயர் ரிலேயைத் தட்டிவிட மட்டும். ரெடிமேட் செட் என்பதால் கம்பெனி வயர் எதையும் வெட்டவில்லை. பொருளும் கூலியும் சேர்த்து 1,600 ரூபாய். அதே 60/55 வாட்ஸ் பல்புதான், புதிதாக வாங்கிக் கண்ணாடியைக் கை படாமல் மாட்டினோம், விரல் எண்ணெய் பட்டால் ஆயுள் குறையும். மீட்டரில் 13.7. அன்று ராத்திரி ராசிபுரம் போய் வந்தேன். இந்த லைட்டை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் அவதிப்பட்டேன் என்று இருந்தது. இன்றுவரை ரெண்டு தடவை பல்பு மாற்றியிருக்கிறேன், ரிலேயில் கை வைக்கவே இல்லை.

2021-இல் லென்ஸ் மஞ்சளாகிவிட்டது. பிளாஸ்டிக் லென்ஸ், வெயில் சும்மா விடுமா? பற்பசை போட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் பளபளக்கும், அவ்வளவுதான். 1000, 1500, 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே யு.வி. கிளியர் கோட் அடித்தது நின்றது. கிளியர் கோட்டை விட்டுவிட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சள்தான். முதல் தடவை நான் விட்டேன்.

மலைக்கு மஞ்சள் ஃபாக் லேம்ப் (பனி விளக்கு), நிறக் கணக்கில் 3000 கெல்வின், பம்பரில் தாழ்வாக. மலைமேல் இருக்கும் செம்மேட்டிலிருந்து மார்கழிப் பனியில் இறங்கும்போது பிரைட் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும்பும். டிம்மும் மஞ்சளும் சேர்த்துப் போட்டால் ரோட்டோரக் கோடு தெரிகிறது. ஊருக்குள் அதைப் போட்டுக்கொண்டு சுற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்.

சரி, அழகு சமாச்சாரம். இதில் சொல்ல அதிகமில்லை. குரோம் கார்னிஷ், அதாவது பளபளக்கும் அலங்கார மூடிகள், ஒட்டியதில் கைப்பிடி மூடி ரெண்டு வருடத்தில் உரிந்தது. உள்ளே சேர்ந்த தூசி உரசி, எடுத்த பிறகு பெயின்ட்டில் வரி வரியாகக் கீறல். கூரைக்கு ஒட்டிய கறுப்பு ராப் (ஒட்டுத்தாள்) மூன்றாவது சித்திரையில் கொப்பளித்தது. முன் பம்பருக்கு மேலே மாட்டும் இரும்புக் கம்பியான புல் பார் போடவில்லை. 2017 கடைசியில் மத்திய அரசு தடை சொன்னது, அதற்கு முன்பே அது மோதலில் ஏர்பேக்கைக் குழப்பும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் 2012 சுப்ரீம் கோர்ட் தீர்ப்போடு முடிந்த பேச்சு என்று கடைக்காரரிடம் நானே மறுத்துவிட்டேன்.

அலாய் வீல் மட்டும் கொஞ்சம் இழுபறி. டயர் அளவு 165/80 ஆர்14-இலிருந்து 185/65 ஆர்15. மொத்த விட்டம் ரெண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது, வளைவில் பிடிப்பும் கூடியது. மைலேஜில் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் போனது. ஒரு பள்ளத்தில் விழுந்து ஒரு வீல் விண்டதும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று; இரும்பு ரிம்மாக இருந்தால் தட்டி நிமிர்த்தியிருப்பார்கள். மறுபடி வாங்குவேனா? மனைவி கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

ஜன்னலுக்கு மேலே மழை மறைப்பாக ஒட்டிய 600 ரூபாய் டோர் வைசர் இன்னும் அப்படியே இருக்கிறது, மழையில் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைக்கலாம். இப்போதைக்குப் பாக்கி, வலது ஃபாக் லேம்ப்புக்குள் போன மழையிலிருந்து படிகிற ஆவி. ஞாயிற்றுக்கிழமை கழற்றி, பின்பக்க சீலைப் பார்க்க வேண்டும்.