தண்ணீரில் நின்றுபோன கார்: தெருமுனை மெக்கானிக்கா, கம்பெனி சர்வீஸா?

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று காலை. வேளச்சேரியில் விவரமானவர்கள் முந்தின நாளே காரை மேம்பாலத்தில் ஏற்றி வைத்துவிட்டார்கள். நானும் மேல்வீட்டு சாரும் "நம்ம தெருவுக்கு அவ்வளவு வராது" என்று தூங்கிவிட்டு, பார்க்கிங்கில் தண்ணீர் ஏறின பிறகு பதறியடித்துக்கொண்டு கிளம்பினோம். என் பெட்ரோல் கார் தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டு குலுக்கல் குலுக்கி நின்றது. பின்னால் வந்த அவருடைய டீசல் எஸ்யூவி அலையடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய் இன்னும் ஆழத்தில் நின்றது.

நான் பயத்தில் சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டேன். புத்திசாலித்தனமெல்லாம் இல்லை, முழங்காலுக்கு மேல் தண்ணீர், வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது. அவர் செல்ஃப் அடித்தார். மூன்றாவது தடவை "டக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி.

அந்த "டக்" என்னவென்று பிறகுதான் புரிந்தது. காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்கிறது. பிஸ்டன் மேலே வரும்போது காற்று அமுங்கிக்கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. மூன்று சிலிண்டர் 1200 சிசி பெட்ரோல் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 400 சிசி. கம்ப்ரெஷன், அதாவது உள்ளே வரும் காற்றை அமுக்கும் அளவு, 10-க்கு 1 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 44 மில்லி. நாலு சிலிண்டர் 1500 சிசி டீசலில், 16-க்கு 1 என்று வைத்தால், வெறும் 25 மில்லி. டீக்கடை கிளாஸில் கால் பங்கு. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் முட்டி நிற்கும், பிஸ்டனையும் கீழே சுற்றும் கிராங்க் தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடு வளையும். டீசல் வண்டி உயரமானது, பலமானது என்று நினைத்து இறக்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

இனி இரண்டு வழிக்கும் வருகிறேன். என் வண்டி போனது பத்து வருஷமாகப் பழகிய மெக்கானிக்கிடம். தண்ணீர் வடிந்ததும் தெருவுக்கே வந்தார். முதல் கேள்வி: "சார், செல்ஃப் அடிச்சீங்களா?" இல்லை என்றதும் முகமே மாறிவிட்டது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் ஃபில்டர் ஊறவைத்த அப்பளம் மாதிரி இருந்தது. மூன்று ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ராட்செட்டை மாட்டிக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். இரண்டாவது துளையிலிருந்து சேற்றுத்தண்ணீர் கொப்பளித்து வந்தது. சுற்றும்போது எங்கேயும் முட்டவில்லை. "ராடு தப்பிச்சிடுச்சு சார்" என்றார். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் தூக்கலான காபி நிறம், தண்ணீர் கலந்திருந்தது. அதை வடித்து, புது ஆயில், புது ஃபில்டர், பத்து நிமிஷம் ஓடவிட்டு மறுபடியும் வடித்து மறுபடியும் புது ஆயில். மொத்தச் செலவு பதினோராயிரத்துச் சொச்சம்.

குறை இல்லாமல் இல்லை. ரசீது ஒரு துண்டுச் சீட்டுதான். சென்சார், வயரிங் பக்கம் அவர் அதிகம் போகவில்லை. நாலு மாதம் கழித்து ஈசிஆரில் போகும்போது முன் சக்கரத்தில் ஊஊ என்று ஒரு சத்தம். வீல் பேரிங்கில் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதை யாரும் அன்றைக்குப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மேல்வீட்டு சார் கம்பெனி சர்வீஸ்தான் என்பதில் பிடிவாதமாக இருந்தார். முறைப்படி பார்த்தால் அது தப்பில்லை. ஆனால் அந்த வாரம் இழுவை வண்டி கிடைக்கவே ஆறு நாள். சர்வீஸ் சென்டர் வாசலில் அதே மாதிரி நனைந்த வண்டிகள் வரிசையாக நின்றன. காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்து எஞ்சினைப் பிரிக்கும்போது பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ராடு வளைந்தது ஒருபக்கம் இருக்க, சிலிண்டர் சுவரில் துரு வளையம் வேறு. எஸ்டிமேட் மூன்று லட்சத்தைத் தொட்டது.

காப்பீடு இருக்கிறதே என்றார். இருந்தது, ஜீரோ டெப்போடு. ஆனால் ஜீரோ டெப் பாகங்களின் தேய்மானக் கழிவைத்தான் பார்த்துக்கொள்ளும். எஞ்சின் சேதத்துக்கென்று தனியாகக் காசு கட்டிச் சேர்க்கும் எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லை. தண்ணீர் புகுந்தது வெள்ளத்தால், ராடு வளைந்தது செல்ஃப் அடித்ததால் என்று பிரித்து, எஞ்சின் செலவைத் தள்ளிவிட்டார்கள். கார்பெட், சென்சார், இருக்கை வேலைக்கு மட்டும் பணம் வந்தது. ஒரு கிளெய்ம் போட்டதால் அதுவரை சேர்த்து வைத்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸும், அதாவது கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியும், போனது.

இதை வைத்து கம்பெனி சர்வீஸ் மோசம் என்று சொல்லிவிட முடியாது. அவர் சாவியைத் திருகாமல் இருந்திருந்தால், ஆட்-ஆனும் இருந்திருந்தால், கதையே வேறு. அவர்களிடம் ஸ்கேனர் இருக்கிறது, வயரிங்கை முழுசாகப் பிரிப்பார்கள், வேலைக்கு வாரன்டி உண்டு. தண்ணீர் டாஷ்போர்டு வரை ஏறியிருந்தால் தெருமுனை மெக்கானிக் பக்கமே போகவேண்டாம். போட்டோ எடுத்து காப்பீட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, ஒரு நட்டைக்கூடத் தொடாமல் அனுப்புங்கள். பழுதுச் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் (முழு நஷ்டம்) என்று முடித்துக்கொடுப்பார்கள், பல நேரம் அதுவே நல்லது. வாரன்டியில் இருக்கிற புது வண்டிக்கும், ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கும் இதேதான் என் கட்சி. ஆட்டோமேட்டிக்கைக் கயிறு கட்டி இழுக்காமல் மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டியாகக் கேளுங்கள்.

தண்ணீர் சீட்டுக்குக் கீழே, வண்டி பழசு, பெட்ரோல், செல்ஃப் அடிக்கவில்லை, எஞ்சின் ஆட்-ஆனும் இல்லை என்றால் நான் யோசிக்காமல் பழகிய மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவேன். காரணம் காசு மட்டுமில்லை, நாள் கணக்கு. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கிற ஒவ்வொரு நாளும் துரு பிடிக்கும்.

தர்மசங்கடம் நடுவில் இருப்பவர்களுக்குத்தான்: ஆட்-ஆன் இருக்கிறது, ஆனால் வரிசையில் மூன்று வாரம். சர்வேயர் பார்ப்பதற்கு முன் எஞ்சினைத் திறந்தால் கிளெய்மில் வம்பு வரலாம், திறக்காவிட்டால் துரு. காப்பீட்டு நிறுவனத்துக்கு மெயில் அனுப்பி, தண்ணீரை மட்டும் வெளியேற்ற அனுமதி கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பிளக்கைக் கழற்றச் சொல்லலாம். போனில் சொன்னார்கள் என்பதெல்லாம் பிறகு நிற்காது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, வீடியோ பார்த்து நாமே நாலு பேரை வைத்துத் தள்ளி ஸ்டார்ட் செய்வது. செகண்ட் கியரில் தள்ளினாலும் சுற்றுவது அதே கிராங்க்தான், வளைவது அதே ராடுதான். இதை ஒப்பிடவே வேண்டாம்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த அன்று, மழை வலுக்கும் முன்பே மேம்பாலத்துக்குப் போனேன். மேல்வீட்டு சாரின் எஸ்யூவி ஏற்கெனவே அங்கே நின்றது. என் வண்டிக்கும் ஒரு இடம் பிடித்து, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.