மீன்பிடித் தடைக்காலத்துல முகத்துக்கு லேசர்: ஒரு மண்டபத்துக்காரன் அனுபவம்

ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபத்துல, மீன்பிடி விசைப்படகு டிரைவர் நான். வயசு 31. பத்தாவது படிக்கையில வந்த பரு, போகும்போது ரெண்டு கன்னத்துலயும் குழியை விட்டுட்டுப் போயிருச்சு. அலை வடிஞ்ச மணல்ல நண்டு வளை தோண்டி வச்சிருக்குமே, அப்படி. கடல்ல யாரு கன்னத்தைப் பார்க்கப் போறா? பொண்ணு வீட்டுக்கு போட்டோ அனுப்பணும்னு வந்தப்பதான் அக்கா, "கொஞ்சம் தள்ளி நின்னு எடுடா"ன்னு சொல்ல ஆரம்பிச்சுச்சு.

ரெண்டு எடத்துல லேசர் பண்ணிருக்கேன். ஒண்ணு சொதப்புச்சு, ஒண்ணு பரவாயில்ல. ரெண்டோட பேரும் எழுதல. எந்தக் கடைன்னு தெரிஞ்சுக்கிறதைவிட, நம்ம பக்கத்து ஆளுங்க இதுக்குப் போகும்போது என்ன கேக்கணும்னு தெரிஞ்சா போதும்.

மொத எடம் பக்கத்து டவுன்ல. மாடியில ஏசி ரூம், கண்ணாடிக் கதவு, சுவர்ல வெள்ளைக்காரப் பொண்ணு படம். ஆறு தடவைக்குச் சேர்த்து 15,000 ரூபா முன்னாடியே கட்டச் சொன்னாங்க. கட்டிட்டேன். வெள்ளைக் கோட்டு போட்டிருந்த பொண்ணு டாக்டரான்னு கேக்கக்கூடத் தோணல. பிப்ரவரி மாசம். நான் அப்பதான் கடல்ல இருந்து ஏறி வந்தவன், மூஞ்சி அடுப்புக்கரி மாதிரி இருக்கு. என்ன வேலை பாக்குறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. சுட்டு அனுப்பிட்டாங்க. நாலாம் நாள் நானும் கடலுக்குப் போயிட்டேன். இதுல என் தப்பும் உண்டு, மறைக்கல. ஆனா போகக்கூடாதுன்னு யாரும் சொல்லல.

பொருக்கு உதிர்ந்த எடமெல்லாம் கருப்பு கட்டிருச்சு. குழியோட கருப்பும் சேர்ந்தா எப்படி இருக்கும்! ஆவணி வரைக்கும் அது போகல. திரும்பப் போய்க் கேட்டா, "உங்க ஸ்கின் அப்படி சார்"னாங்க. மிச்ச அஞ்சு தடவைக்கான பணம் வரவே இல்லை.

அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு மதுரையில ஒரு தோல் டாக்டரம்மா. மண்டபத்துல இருந்து பஸ்ல நாலு மணி நேரம். இந்தம்மா மிஷினைத் தொடுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கேள்விதான் கேட்டாங்க. என்ன தொழில், எத்தனை மணி நேரம் வெயில்ல நிப்பீங்க, பருவுக்கு மாத்திரை சாப்பிட்டீங்களா, உதட்டோரம் அக்கி மாதிரி கொப்புளம் அடிக்கடி வருமா, வீட்டுல யாருக்காவது தழும்பு தடிச்சு வளருமா. கடைசிக் கேள்விக்கு எங்கம்மா நெனப்பு வந்துச்சு. அம்மாவுக்குக் காது குத்துன எடத்துல நெல்லிக்கா அளவுக்கு ஒரு கட்டி உண்டு. அதுக்குப் பேரு கீலாய்டாம். அந்த மாதிரி உடம்புல லேசரை வச்சுச் சுட்டா, சுட்ட எடமே இன்னொரு கட்டியா வளர்ந்துரலாமாம். எனக்கு அம்மைத் தழும்பு, கத்தி வெட்டு எதுவும் தடிச்சு நிக்கலைன்னு உடம்பெல்லாம் பார்த்துட்டுத்தான் சரின்னாங்க. அப்பவும் காதுக்குக் கீழ, தாடை ஓரத்துல ஒரு பொட்டு எடத்துல மட்டும் சுட்டுப் பார்த்துட்டு, ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டாங்க.

லேசர்னா ஒண்ணுதான்னு நெனச்சிருந்தேன். இல்லை. முடி எடுக்குறதுக்கு ஒண்ணு, பச்சை குத்துனதை அழிக்குறதுக்கு ஒண்ணு, வெண்புள்ளிக்கு ஒண்ணு. என் குழிக்கு வச்சது கார்பன் டை ஆக்சைடு லேசர். தோல்ல இருக்குற தண்ணியைப் புடிச்சுச் சூடாக்கி, அந்த எடத்தை ஆவியாக்குறதுதான் அதோட வேலை. முழுசா உரிக்காம, புள்ளி புள்ளியா மட்டும் சுடும். நடுவுல நல்ல தோலை விட்டுவைக்கும். அந்த நல்ல தோல்ல இருந்துதான் பக்கத்துப் புள்ளி ஆறும், உள்ள புதுசா சவ்வு ஊறிக் குழி மேல ஏறும். டாக்டரம்மா சொல்லச் சொல்ல எனக்கு வலைதான் கண்ணுல வந்துச்சு. அங்கங்க கண்ணு அறுந்தா, சுத்தி இருக்குற கண்ணைப் புடிச்சு முடிஞ்சுரலாம். பாதி வலையே போச்சுன்னா எதைப் புடிச்சு முடிய?

எல்லாக் குழிக்கும் லேசர் கேக்காதுன்னும் சொன்னாங்க. அகலமா, கரை கட்டுன மாதிரி இருக்குற குழிக்குக் கேக்கும். ஊசி குத்துன மாதிரி ஆழமா இருக்குறதுக்கு ஒரு திராவகத்தைக் குச்சி நுனியில தொட்டு வச்சாங்க. அடியில தசையோட ஒட்டி இழுத்துக்கிட்டிருந்த ரெண்டு குழிக்கு, உள்ள ஊசியை விட்டு அந்த ஒட்டை அறுத்து விட்டாங்க. லேசரைவிட அதுதான் வலி. "பாதி குறைஞ்சா சந்தோஷப்படுங்க தம்பி, முழுசாப் போகும்னு சொல்றவங்ககிட்ட போகாதீங்க"ன்னாங்க. அந்த மாடி ரூம்ல 90 சதவீதம்னு எழுதியே ஒட்டியிருந்தாங்க.

இப்ப வெயில் சமாச்சாரம். நம்ம மாதிரி கருத்த தோல்ல லேசர் பட்டா, சூட்டுக்கு மிரண்டு தோல் இன்னும் கருப்பைத்தான் கக்குமாம். வெயிலும் சேர்ந்தா கேக்கவே வேண்டாம். அதனால சுடுறதுக்கு முன்னாடியும் சில வாரம், பின்னாடியும் சில வாரம் நிழல்ல இருக்கணும். டிரைவருக்கு நிழல் எங்க இருக்கு? படகு ஓட்டுற வீல் ஹவுஸ்ல மேல கூரை இருந்தாலும், தண்ணியில பட்டு வர்ற வெயில் கீழ இருந்து அடிக்கும். வருஷத்துல எனக்கு நிழல் கிடைக்குறது ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாத அந்த 61 நாள் தடைக்காலம்தான். டாக்டரம்மாகிட்ட இதைச் சொன்னப்ப சிரிச்சுட்டு, காலண்டரை எடுத்து அதுக்குத் தக்கன தேதி போட்டாங்க. எனக்கு அவங்க மேல மரியாதை வந்தது அந்த எடத்துலதான்.

படகைக் கட்டுனதும் ரெண்டு வாரம் வீட்டுக்குள்ளயே கெடந்தேன். வலை முடியுறதுகூட கொட்டகைக்குள்ள. ராத்திரிக்கு ஒரு கிரீம், பகலுக்கு எஸ்.பி.எஃப் 50 போட்ட சன்ஸ்கிரீன். மே 2ந்தேதி மொத தடவை. மரக்கிற கிரீமைத் தடவி, மேல பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஒரு மணி நேரம் உக்கார வச்சாங்க. சும்மா போனை நோண்டுனதுல, இந்த கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல கண்டுபிடிச்ச குமார் பட்டேல், மகாராஷ்டிராவுல பாராமதியில பொறந்தவர்னு தெரிஞ்சுச்சு. நம்ம ஊர்ல பொறந்தவர் செஞ்சதைத்தான் நம்ம மூஞ்சியில வைக்குறாங்கன்னு ஒரு தைரியம்.

கண்ணு மேல மூடி போட்டு, கால் மணி நேரத்துல முடிச்சுட்டாங்க. பொட்டுப் பொட்டா கடுகு தெறிக்குற மாதிரி இருக்கும். முடி பொசுங்குற வாடை வரும். முடிஞ்சப்புறம்தான் எரிச்சல், மொளகாத்தூள் அப்புன கணக்கா ரெண்டு மணி நேரம். பொழுது சாயுற வரைக்கும் அங்கயே இருந்துட்டு ராத்திரி பஸ்ஸுல வந்தேன். மதியமே கிளம்பாதீங்க, ஜன்னல் வெயில்ல மூஞ்சி வெந்துரும்.

மறுநாள் வீங்கிருச்சு. மூணாம் நாள் கன்னம் பூரா காப்பித்தூள் தூவுன மாதிரி பொருக்கு. கைவைக்காம விட்டா ஏழாம் நாள் தானா உதிரும். எங்க தெருக் குழாய்ல வர்றது உப்புத் தண்ணி, அதனால கேன் தண்ணியிலதான் கழுவுனேன். போதாததுக்குக் கச்சான்னு சொல்ற மேல்காத்து வேற, மணலை வாரி அடிக்குது. வாசலுக்கு வந்தாலே துண்டைச் சுத்திக்கிட்டு வருவேன். பெரியம்மா மஞ்சளும் சந்தனமும் அரைச்சுக் கொண்டாந்துச்சு, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிட்டேன்.

ரெண்டாவது ஜூன் 6. ஒரு மாசமாவது இடைவெளி வேணும்கிறதால அதைவிட முன்னாடி முடியாது. ஆனா தடை 14ந்தேதியோட முடியுது. தடை முடிஞ்சு மொதக் கடல்னா எல்லாருக்கும் தெரியும், இறால் அள்ளும். சம்மாட்டிகிட்ட, அதான் படகு முதலாளிகிட்ட, ரெண்டு வாரம் லீவு கேட்டேன். "மூஞ்சிக்காகவாடா?"ன்னாரு. வேற டிரைவர் போனான், என் பங்கு அவனுக்குப் போச்சு. ஒரு தடவைக்கு 5,500 ரூபா, கிரீம், பஸ் எல்லாம் சேர்த்து ரெண்டுக்கும் 15,000க்குள்ள முடிஞ்சுச்சு. அரசாங்கம் குடுக்குற தடைக்கால நிவாரணம் 8,000 வச்சு ஒண்ணரை தடவை சுடலாம், அவ்வளவுதான். ஆனா அந்த ரெண்டு வாரப் பங்கு அதைவிடப் பெருசு. செலவு எவ்வளவுன்னு கேக்குறவங்க இதையும் சேர்த்துக்கங்க.

பலன்? நான் போடுறது நூத்துக்கு நாப்பது. அகலக் குழியெல்லாம் மேலேறிருச்சு. டியூப் லைட்டுல பார்த்தா தெரியல. காலையில சாய்வெயில்ல பார்த்தா இருக்கு. ஊசிக்குழி ரெண்டு அப்படியேதான் இருக்கு. கருப்பு கட்டல, எனக்கு அதுவே பெருசு. குறைன்னா, கூட்டம். பத்து மணிக்கு வரச்சொல்லி ஒரு மணிக்குத்தான் உள்ள விடுறாங்க. கிரீமெல்லாம் அவங்க கடையிலயே வாங்கச் சொல்றாங்க, வெளியில அதே மருந்து கொறஞ்ச விலைக்கு இருக்கு.

கூடவே அக்காவையும் காட்டுனேன், கன்னத்துல மங்கு, அதான் கருந்திட்டு. அதுக்கு லேசர் வேணாம், சுட்டா கொஞ்ச நாள்ல திரும்பி வரும், சமயத்துல கூடவும் செய்யும், கிரீமும் சன்ஸ்கிரீனும் போதும்னு சொல்லிட்டாங்க. கூட்டாளி ஒருத்தனுக்குக் கடல்ல சொறி, அதான் ஜெல்லி மீன், அடிச்ச தழும்பு கையில வரிவரியா கருத்துக் கெடந்துச்சு. போட்டோவைப் பார்த்துட்டு, அது தானா மங்கும், காசைக் கொட்டாதீங்கன்னாங்க. வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச டாக்டர். அம்மாவோட காதுக்கட்டிக்கு ஊசி போட்டுச் சுருக்கலாமாம், அம்மாதான் வர மாட்டேங்குது.

மூணாவது தடவைக்கு நவம்பர்ல வரச் சொன்னாங்க, மழைக்காலம், வெயில் கம்மின்னு. கடல் இருக்குற நேரத்துல இன்னொரு தடவை லீவு கேட்டா சம்மாட்டி கணக்கை முடிச்சு அனுப்பிருவாரு. அடுத்த மே மாசத்துக்கே சீட்டு எழுதி வாங்கிட்டு வந்துட்டேன்.